அடியில் இரண்டு கோடு

காஜா வெள்ளைக் கோட்டை மடித்து நீட்டியபோது மாத்திரைக்காவுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதால் தெருவுக்கே அவள் மாத்திரைக்கா; கடையில் நிற்கும்போது போட்டுக்கொள்ளும் கோட்டு அது. ஒன்பது வருஷ உழைப்பில் துளைகளெல்லாம் வாய் பிளந்து, எந்தப் பொத்தானும் எந்தத் துளையிலும் நிற்காமல், இரண்டு சேஃப்டி பின்களின் தயவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்வரிசைத் தையற்கடையில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை எடுப்பவள் காஜா. காஜா எடுக்கிற பெண் என்பதால் தெருவே அவளைக் காஜா என்றுதான் கூப்பிடும்; சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. போன வாரம் அவள்தான் அந்தக் கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போனாள். இப்போது பார்த்தால் ஐந்து துளைகளும் பழைய நூல் பிரிக்கப்பட்டு, நெருக்க நெருக்கமாகப் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. பொத்தான்கள்கூடப் புதுசு.

"எவ்வளவு தரட்டும்டி?" என்றாள் மாத்திரைக்கா.

"போங்கக்கா. உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவேனா? நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா அந்த மருந்தெல்லாம் என் புள்ள வயித்துக்குள்ள போயிருக்கும். நெனச்சாலே பதறுது."

மாத்திரைக்கா 'அதெல்லாம் என்ன பெரிய விஷயம்' என்கிற மாதிரி கையை ஆட்டினாள். ஆனால் அது பெரிய விஷயம்தான் என்று அவளுக்குத் தெரியும். கோட்டைப் போட்டு, மேலிருந்து கீழாக ஐந்து பொத்தானையும் மாட்டி, கண்ணாடி அலமாரியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், பாவம். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பொழுதுதான்.

அந்தத் தெருவில் டாக்டருக்கு அடுத்து அவள்தான். சிலருக்கு டாக்டருக்கும் முன்னால். கிளினிக் இரண்டு வாசல் தள்ளி இருந்தது. போகும்போதும் ஒரு வார்த்தை இவளிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள், வரும்போதும் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். டாக்டர் எழுதியதைப் பார்த்து இவள் 'ம்' என்று தலையாட்டினால்தான் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கும். ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத ஒரே வார்த்தை 'தெரியாது'. அதிலும் கைக்குழந்தைக்காரிகள் என்றால் தனிக் கண்டிப்பு. சீட்டை வாங்கும்போதே, "பால் குடுக்கிறியா?" என்பாள். ஆமாம் என்றால் முடிந்தது. "மாத்திரை முடியற வரைக்கும் நிறுத்திடு. எதுக்கு வம்பு?" கவரின் மேல் சிவப்புப் பேனாவால் எழுதியும் கொடுத்துவிடுவாள்: தாய்ப்பால் கூடாது. அடியில் இரண்டு கோடு.

காஜாவுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் முன்னால், குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத சமயம், ஒரு பக்க மார்பு சிவந்து கல்லாகி, உடம்பு அனலாகக் கொதிக்க, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். தொற்று என்று டாக்டர் எழுதியிருந்தார். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை. "பால் குடுக்கலாமாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, "டாக்டர் ஒண்ணும் சொல்லலையேக்கா" என்று இழுத்தாள். "டாக்டருக்கு ஆயிரம் வேலை. நான் சொல்றேன்ல?" என்றாள் மாத்திரைக்கா. அந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டு போய் நிறுத்தினாள். நாலாம் நாள் மார்பில் கட்டி பழுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். மாத்திரை முடிந்து, புண் ஆறி, மறுபடி குழந்தையைப் போட்டுப் பார்ப்பதற்குள் அது புட்டிக்குப் பழகிவிட்டது. பாலும் வற்றிவிட்டது என்றாள். வாரம் ஒரு பவுடர் டின்னுக்கு வந்து நின்றாள். வரும்போதெல்லாம் நன்றி வேறு.

மறுநாள் காலை, புதுப் பொத்தான்கள் பளபளக்க மாத்திரைக்கா நின்றிருந்தபோதுதான் ஒரு வேன் டிரைவர் வந்தார். சம்சாரத்துக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, அதற்கான சீட்டு. வீட்டில் நாலு மாதக் குழந்தை. இவள் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்மா. இது எங்க போட்டிருக்கு?" என்றார் டிரைவர்.

"எது?"

"பால் குடுக்கக் கூடாதுன்னு. எதுலயாவது போட்டிருக்குமில்ல? காட்டுங்க, போயிடறேன்."

"ஒன்பது வருஷமா இங்கதான் நிக்கறேன்" என்றாள் மாத்திரைக்கா.

"கோவிச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரி கேள்வி கேக்கிற ஆளு. பதில் கையில இல்லாம நான் உள்ள காலெடுத்து வைக்க முடியாது" என்று அவர் சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்றது. காட்டிவிட்டால் போச்சு என்று குனிந்தாள். கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. போன வருஷம் மருந்துக்கடைக்காரர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் கொடுத்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், எந்த மருந்து ஆகும், எந்த மருந்து ஆகாது எல்லாம் அதில் இருந்தது. பயிற்சிக்கு இவள் போனது உண்மை. கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் கிளம்பி வந்ததும் உண்மை. புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல், திரையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி நிறுத்தும் வேலையை அன்று முதல் பார்த்து வந்தது. அவள் அதை உருவினாள்; திரை ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது.

உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பக்கத்தைப் புரட்டி, மருந்தின் பெயரில் விரலை வைத்து, டிரைவர் பக்கமாகத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் தானே படித்தாள். 'தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ உடம்பில் தடிப்போ வருகிறதா என்று கவனிக்கவும்.' வலி மாத்திரைக்கும் அதேதான். தொடரலாம்.

"தொடரலாம்னுல்ல போட்டிருக்கு?" என்றார் டிரைவர். குரலில் ஒரு குத்தலும் இல்லை, மனுஷனுக்குச் சந்தோஷம். "நல்ல வேளை. பார்த்துச் சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா." எழுதாத கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாத்திரைக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருத்தர் இருமல் மாத்திரை கேட்டார். அவள் தலைவலித் தைலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் ஓய்ந்ததும் அவள் செய்த முதல் காரியம் தப்பிக்க வழி தேடியதுதான். அதை மறைப்பானேன்? இந்த ஒன்று அப்படி இருக்கலாம், மற்றதெல்லாம் நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நிறுத்தியே ஆகவேண்டிய மருந்துகளும் இருந்தன. ஆனால் அவற்றின் பெயர்களை அந்தக் கடையில் அவள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். நிறையப் பக்கங்களில் 'தொடரலாம்', சில பக்கங்களில் 'வேறு மருந்து மாற்றித் தரச் சொல்லி மருத்துவரைக் கேட்கவும்'. கடைசியில் காஜாவின் பக்கத்துக்கு வந்தாள். மார்பில் தொற்று. 'இந்த மருந்துகளுடன் பால் கொடுக்கலாம். கொடுப்பதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பால் கட்டிச் சீழ் கோக்க வாய்ப்பு அதிகம்.' அதை மூன்று முறை படித்தாள். அந்தப் பெண்ணின் மார்பைக் கீறியது டாக்டர் கத்தி இல்லை, என் வாய்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். அடுத்த பக்கம்தான் அவளை விடவில்லை. தவறுதலாக நிறுத்திய தாய்மார்கள், குழந்தை சின்னதாக இருக்கும்போதே அடிக்கடி வாய் வைக்கச் செய்தால் பால் மறுபடி ஊற வாய்ப்புண்டு என்று போட்டிருந்தது. தள்ளிப்போகப் போகக் கஷ்டம் என்றும் போட்டிருந்தது. ஆக, இது முடிந்துபோன கதை இல்லை. சொன்னால் ஒருவேளை கிடைக்கும். சொல்லாத ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கிற நாள்.

அந்தச் சாயங்காலமே காஜா டின்னுக்கு வந்தாள். மாத்திரைக்கா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, நான் தைச்சது புடிக்கலையா?"

"சூடா இருந்துச்சு."

"முகமே வாடிக் கெடக்கே. ஒழுங்கா சாப்பிடுங்கக்கா." டின்னைத் தோள்பையில் போட்டுக்கொண்டே காஜா குரலைத் தணித்தாள். "ஒரு கூத்து கேளுங்க. பாப்பா வீறிட்டு அழுதாலே இன்னமும் இந்தப் பக்கம் லேசா ஈரமாகுது. பைத்தியக்கார உடம்பு. எல்லாம் நிறுத்தியாச்சுன்னு அதுக்குப் போய் யார் சொல்றது?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததுகூட. "பார்த்துப் போ" என்றாள் மாத்திரைக்கா. காஜா தெருவைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருந்து அட்டைகளை அடுக்குகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் அதிகம் பேசாத மனுஷர், அன்றைக்கென்று பேசினார். "விடுங்கம்மா. பவுடர் குடிச்சு வளர்ற புள்ளைங்க ஊர்ல இல்லையா? நீங்களா போய் வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. கடைப் பேரும் சேர்ந்து கெடும்." இதம் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். இவளும் அந்த இதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினாள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது? எடைகூட ஏறியிருக்கிறதாமே? தன் கஷ்டமெல்லாம் பிள்ளையைக் காப்பாற்றத்தான் என்று அந்தப் பெண் நிம்மதியாக இருக்கிறாள். அந்த நிம்மதியைக் கெடுப்பது பாவமில்லையா? இப்படி விதவிதமாகப் பூசி மெழுகினாள். மெழுக மெழுக அடியில் இருந்தது நன்றாகத் தெரிந்தது. பயம். சொன்னால் நாளைக்கு இந்தத் தெருவில் யார் சீட்டைக் காட்டுவார்கள்?

பயம் அவளுக்குப் புதிதும் இல்லை. பதினோரு வருஷம் முன்னால், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வேறொரு மருந்துக்கடையில் உதவியாளாக இருந்தாள். இருமல் தாங்காமல் அலமாரியிலிருந்து தானாகவே ஒரு பாட்டிலை எடுத்து மூன்று நாள் குடித்தாள். மூன்றாம் நாள் குழந்தை பாலுக்கு எழவில்லை. உலுக்கினாலும் கண் திறக்காமல் துணி மாதிரி கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது; ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா பத்துப் பேர் முன்னால், "நீங்க மருந்துக் கடையிலதானே வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றிலிருந்துதான் எல்லாருக்கும் ஒரே பதில்: நிறுத்திடு. புத்தகத்தில் இருமல் மருந்தின் பக்கத்தையும் அவள் பார்த்துவிட்டாள். 'தவிர்க்கவும். குழந்தைக்கு மிகுந்த மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம்.' அந்த ஒரு பாட்டிலுக்குப் பயந்து, அலமாரியிலிருந்த அத்தனை பாட்டிலையும் விஷமாக்கி ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். எத்தனை கவர்? எத்தனை சிவப்புக் கோடு? காஜாவாவது கண்ணெதிரே இருக்கிறாள். மற்றவர்களின் முகம்கூட நினைவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பாதி சாத்திவிட்டு, புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காஜாவின் வீடு இஸ்திரிக் கடைக்கு மேல், இரண்டே அறை. மத்தியானத்தில் குழந்தையைப் பார்க்க அவள் வீட்டுக்கு வருவாள். கதவைத் திறந்தது மாமியார்.

"அடேயப்பா, டாக்டரம்மாவே வந்துட்டாங்க. வாங்க, வாங்க. உக்காருங்க."

அறையில் ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்ததைப் பார்த்ததும் மாத்திரைக்காவுக்கு உட்காரவே தோன்றவில்லை. அவள் கடைக் கவர். அவள் கையெழுத்து. தாய்ப்பால் கூடாது. சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு மாமியார் சிரித்தார். "அதுவா? சாட்சி. இவ வேலைக்கு ஓடணும்னுதான் பாலை நிறுத்திட்டான்னு நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். சொன்னேன், இல்லைங்கல. உடனே கொண்டாந்து குத்தி வெச்சுட்டா, பாருங்க, எழுதியே குடுத்திருக்காங்கன்னு. நான் வாயத் திறக்கறப்பல்லாம் அதைக் காட்டுவா." பவுடர் டின்னைத் திறந்து, கரண்டியால் அளந்து புட்டியில் போடத் தொடங்கினார். கட்டிலில் காஜா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, சும்மா இருங்க" என்றாள். குழந்தை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

இதற்குமேல் நின்றால் ஓடிவிடுவோம் என்று மாத்திரைக்காவுக்குத் தெரிந்தது. "அது தப்பு" என்றாள்.

"எதுக்கா?"

"அந்தக் கவர்ல நான் எழுதினது. அந்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே பால் குடுத்திருக்கலாம். குடுத்திருக்கணும். நிறுத்தினதாலதான் கட்டி வந்திருக்கும்." புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "இதுல போட்டிருக்கு. என்கிட்டதான் இருந்துச்சு. நான் பார்க்கல. பார்க்காமயே சொன்னேன். அது தெரிஞ்சும் மூணு நாளா உன்கிட்ட சொல்லல. அன்னைக்கு டின்னையும் எடுத்துக் குடுத்தேன்."

மாமியாரின் கரண்டி டின்னுக்குள் நின்றது. காஜா புத்தகத்தை வாங்கவில்லை. மாத்திரைக்காவைப் பார்க்கவும் இல்லை, கண்ணாடியையே பார்த்தாள். கீழே இஸ்திரிப் பெட்டியை மேஜையில் வைக்கும் சத்தம் ஒவ்வொரு முறையும் துல்லியமாகக் கேட்டது.

"பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினேனே அக்கா" என்றாள் கடைசியில். "பல்லக் கடிச்சுக்கிட்டு. அந்தத் தொட்டியில. இவ இங்க அழுதுட்டிருப்பா, நான் அங்க நின்னு பாலைச் சாக்கடையில ஊத்திட்டிருப்பேன். விஷம் விஷம்னு சொல்லிக்கிட்டே ஊத்தினேன்."

திட்டியிருந்தால் தேவலை. இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். மாத்திரைக்கா கூனிக் குறுகி நின்றாள். மன்னிச்சிடு என்ற வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தாள்; அதை இப்போது நீட்டவே வெட்கமாக இருந்தது. மாமியார்தான் பேசினார், குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் வேற இவளப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனே." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"இனிமே வருமா?" என்றாள் காஜா. இப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

வரும் என்று சொல்ல மாத்திரைக்காவின் வாய் தானாகவே தயாரானது. ஒன்பது வருஷப் பழக்கம். அதை மென்று முழுங்கினாள். "தெரியாது" என்றாள். "வர வாய்ப்பிருக்குன்னு போட்டிருக்கு. அடிக்கடி வாய் வைக்கணுமாம். வர்ற வரைக்கும் பவுடரைக் குறைக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். நான் நாளைக்கு உன்கூட வர்றேன். என்னாலதான் ஆச்சுன்னு அவங்க முன்னாடி நானே சொல்றேன்."

காஜா மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். சிணுங்கல் வீறிடலாக ஏறியது. மாமியார் அவசரமாகப் புட்டியைக் குலுக்கி நீட்டினார். காஜா கையை ஆட்டி மறுத்தாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குழந்தை முகத்தை இங்கும் அங்கும் திருப்பி அழுதது, திமிறியது, முதுகை வளைத்தது. அவள் அதன் காதில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுகை சட்டென்று நின்றது.

மாமியார் புட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மாத்திரைக்கா வாசற்படியில் பாதி, அறையில் பாதியாக நின்றாள். கீழே இஸ்திரிக்காரர் யாரிடமோ உரக்கப் பேச ஆரம்பித்தார். மாமியார் சன்னலை ஓசைப்படாமல் சாத்தினார். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், ஒரு மடக்கு விழுங்கும் சத்தத்துக்கு.